சபைக்குள் எழும் சுவர்கள்

யுத்தத்தின் அழிவுகளைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். வீடிழந்தது, காணி இழந்தது, பிள்ளைகளை இழந்தது எல்லாம் எழுத்திலும் வந்துள்ளன. ஆனால் ஒரே முகாமில் ஒரே கிடாரத்துக் கஞ்சியை வாங்கிக் குடித்த சனங்கள், ஊர் திரும்பிய பின்னர் ஒரே கடவுளைக் கும்பிடுவதற்காக இரண்டாகப் பிரிந்து நின்ற கதையை நாம் வெளியில் சொல்வதில்லை. சொன்னால் கடவுளுக்கே அவமானம் என்று நினைத்து மூடி வைக்கிறோம். மூடி வைத்த புண் ஆறுவதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நான் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த பின்னர், வன்னியில் பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்கள் மத்தியில் வேலை செய்து வருகிறேன். அதனால் கிறிஸ்தவ சபைகளுக்குள் ஏற்படும் பிரிவினைகளை வைத்தே இதை எழுதுகிறேன். ஏனைய மதத்துச் சகோதரிகளும் வாசிக்கலாம். கோயில் திருவிழா உபயத்துக்காகவும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்காகவும் ஏற்படுகின்ற பிணக்குகள் இவற்றிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

நான் வேலை செய்த கிராமம் ஒன்றில் 2010ஆம் ஆண்டு மீள்குடியேற்றத்தின்போது தறப்பாள் கொட்டிலில்தான் முதலாவது ஆராதனை நடந்தது. பின்னர் கட்டடம் வந்தது. கட்டடத்தோடு செயற்குழுவும், செயற்குழுவோடு பதவிகளும் வந்தன. 2018இல் கணக்கு விடயமாக ஒரு கேள்வி எழுந்தது. கேட்டவர்கள் ஒரு பக்கம், கேட்கப்பட்டவர்கள் ஒரு பக்கம் என்று சபை உடைந்தது. சில மாதங்களுக்குள் ஐந்நூறு மீற்றர் தூரத்தில் இன்னொரு தகரக் கொட்டகை எழுந்தது.

ஆண்கள் கூட்டம் வைத்துச் சண்டை பிடித்தார்கள். விலை கொடுத்தவர்கள் பெண்கள். பதினான்கு பேர் சேர்ந்து நடத்திய சேமிப்புக் குழு கலைந்தது. அந்தக் குழுவில் இருந்த இரண்டு தாய்மாருக்கும் மகன்மார் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர்கள். 2017இல் வீதியோரப் பந்தலில் பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள். சபை பிரிந்த பிறகு ஒருவர் காலை பஸ்ஸிலும் மற்றவர் அடுத்த பஸ்ஸிலும் போனார்கள். ஒரே துயரத்தைச் சுமந்தவர்கள் முகம் பார்க்காமல் இருந்தார்கள். இது கணக்குப் பிரச்சினையால் மட்டும் வந்திருக்குமா?

சமூகக் காரணமும் ஆன்மீகக் காரணமும்

அமெரிக்க இறையியலாளர் ரிச்சர்ட் நீபுர் 1929இல் எழுதிய ஒரு நூலில், கிறிஸ்தவத்தில் காணப்படும் பல பிரிவுகள் உபதேச வேறுபாடுகளால் மாத்திரம் தோன்றியவை அல்ல, வர்க்கம், இனம், பிரதேசம் என்பவையே அவற்றின் பின்னால் நிற்கின்றன என்று வாதிட்டார். 1956இல் லூயிஸ் கோசர் என்ற சமூகவியலாளர், உறவு எவ்வளவு நெருக்கமானதோ அவ்வளவுக்கு மோதலும் கடுமையாக இருக்கும் என விளக்கினார். அண்ணன் தம்பி வேலிச் சண்டையைக் கண்ட எங்களுக்கு இதற்குப் புத்தகம் தேவையில்லை.

எனினும் சமூகவியல் ஓரளவுக்குத்தான் வழி காட்டும். வறுமையும் சாதியும் எல்லாச் சபைகளிலும் இருக்க, சில சபைகள் மாத்திரம் ஏன் உடைகின்றன? அந்த இடத்தில் மனிதருடைய உள்ளத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. யாக்கோபின் நிருபம் நான்காம் அதிகாரத்தில் இதே கேள்வியைக் கேட்டு, சண்டைகளின் ஊற்று மனிதருக்குள்ளே போராடும் ஆசைகள்தான் என்று பதில் சொல்கிறது.

முதன்மை ஆசை

யோவானின் மூன்றாம் நிருபத்தில் தியோத்திரேப்பு என்றொருவர் வருகிறார். சபையில் முதலிடத்தை விரும்பியவர் என்பதே அவரைப் பற்றிய குற்றச்சாட்டு. தனக்கு மேலே எவரையும் ஏற்கவில்லை, வந்த சகோதரர்களை வரவேற்கவில்லை, வரவேற்க விரும்பியவர்களையும் வெளியே தள்ளினார். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடங்களுக்கு முந்திய இந்த மனிதரை எங்கள் ஊர்களில் நாம் இன்றும் சந்திக்கலாம்.

இந்த ஆசை ஆண்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. மத்தேயு சுவிசேஷத்தில் செபதேயுவின் மனைவி இயேசுவிடம் வந்து, தனது இரு மகன்மாருக்கும் வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்கிறாள். மற்றப் பத்துச் சீடர்களும் கோபப்படுகிறார்கள். அவர்களுக்கும் அந்த இடங்களில் கண் இருந்தபடியால்தான் கோபம் வந்தது எனலாம். யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்தவருக்குச் சபையில் கிடைக்கும் செயலாளர் பதவி, பொருளாளர் பதவி என்பன இழந்த மதிப்பைத் திருப்பித் தருவது போலத் தோன்றும். ஆகவே அதை விட்டுக்கொடுப்பது உயிரை விடுவது போல ஆகிவிடுகிறது.

ஆளுக்குப் பின்னால் போதல்

கொரிந்து பட்டணத்துச் சபை கட்சி கட்சியாகப் பிரிந்தது. பவுலின் ஆட்கள், அப்பொல்லோவின் ஆட்கள், கேபாவின் ஆட்கள் எனத் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். சிலர் கிறிஸ்துவின் பெயரையே ஒரு கட்சியின் பெயராக்கினார்கள். இந்தச் செய்தியைப் பவுலுக்கு அறிவித்தவர்கள் குலோவேயாள் என்ற பெண்ணின் வீட்டார். இது பலர் கவனிக்காத ஒரு விடயமாகும். பிளவைக் கண்டவர்கள் மறைக்கவில்லை, தெருவில் பரப்பவும் இல்லை, சரிசெய்யக் கூடியவருக்கு அறிவித்தார்கள்.

தனது பெயரில் ஒரு கட்சி இருப்பதைக் கண்டு பவுல் மகிழவில்லை, அதைக் கண்டித்தார். தனக்குப் பின்னால் ஆட்களைச் சேர்க்கும் ஊழியரையும், கடவுளுக்குப் பின்னால் ஆட்களை அனுப்பும் ஊழியரையும் பிரித்தறிய இதைவிடச் சிறந்த அளவுகோல் கிடையாது.

பாரபட்சம்

நிவாரண வரிசையில் நின்ற எமக்கு அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம் நன்றாக விளங்கும். எருசலேமில் ஆதிச் சபை விதவைகளுக்கு அன்றாடம் உணவு பகிர்ந்தது. கிரேக்க மொழி பேசும் விதவைகள் பந்தியில் புறக்கணிக்கப்படுவதாக முறுமுறுப்பு எழுந்தது. பெந்தெகொஸ்தே நாளின் அனுபவத்தைப் பெற்ற சபையிலேயே, அதுவும் சாப்பாட்டு விடயத்தில், மொழி வேறுபாடு புகுந்துவிட்டது.

அப்போஸ்தலர்கள் அந்த விதவைகளை நன்றி கெட்டவர்கள் என்று ஏசவில்லை. முறைப்பாட்டைக் கேட்டு, சபையைக் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்தார்கள். அந்த ஏழு பேருடைய பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். அதாவது புறக்கணிக்கப்பட்டவர்களின் பாஷை தெரிந்தவர்களிடமே பங்கீடு ஒப்படைக்கப்பட்டது. சபை உடையாமல் தப்பியது.

தமிழ்க் கிறிஸ்தவர்களுடைய வரலாற்றில் பாரபட்சத்தின் பெயர் சாதி. தஞ்சாவூர், சென்னை வேப்பேரி முதலிய இடங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேவாலயத்துக்குள்ளேயே சாதிவாரியாக இடங்கள் பிரிக்கப்பட்டிருந்தன. திருவிருந்திலும் முந்தி யார், பிந்தி யார் என்ற கணக்கு இருந்தது. கல்கத்தா பேராயர் டானியல் வில்சன் 1833இல் இந்த வேறுபாடு ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதியபோது, பலர் சாதியை விடாமல் சபையை விட்டு விலகினார்கள். யாழ்ப்பாணத்திலும் சாதி தேவாலய வாசலோடு நின்றுவிடவில்லை. ஒரே அப்பத்தில் பங்குபெற வந்தவர்கள் பக்கத்தில் இருப்பவருடைய குலத்தைப் பார்த்தார்கள் என்றால், அது உபதேசப் பிழை அல்ல, உள்ளத்தின் பிழை.

ஆறாத கசப்பு

எபிரெயர் நிருபம் கசப்பை ஒரு வேருக்கு ஒப்பிடுகிறது. வேர் மண்ணுக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. எங்கள் மக்கள் மத்தியில் இந்த வேர் ஆழமானது. யார் முதலில் ஓடித் தப்பினார்கள், யாருடைய பிள்ளை பிடிபட்டது, யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள், வெளிநாட்டுக் காசு யாருக்கு வந்தது என்ற கேள்விகள் பதிலில்லாமல் உள்ளே கிடக்கின்றன. அழ வேண்டிய நேரத்தில் அழ இடமில்லாத கோபம், சபைக் கூட்டத்தில் கதிரைக் கணக்கைப் பற்றிய சத்தமாக வெளிவருகிறது. எதிரே நிற்பவர் அந்தக் கோபத்துக்குரியவர் அல்லர், கைக்கெட்டியவர் மாத்திரமே.

அத்தோடு நாவும் சேர்ந்துகொள்கிறது. "ஜெபிக்கிறதுக்காகச் சொல்லுறன்" என்று தொடங்கும் எத்தனை கதைகள் ஒரு பெண்ணின் மானத்தைக் கெடுத்திருக்கின்றன! வெளிப்படையான கோள் என்றால் வெட்கப்பட்டுப் பேசாமல் இருப்போம். பக்தியின் போர்வை போட்டால் வெட்கமும் போய்விடுகிறது.

பேசாதிருப்பது சமாதானம் அல்ல

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒற்றுமை என்ற பெயரில் பெண்களுடைய வாயை அடைப்பதும் ஆன்மீகக் குற்றமே. சபைப் பணம் களவு போனால், ஊழியரோ மூப்பரோ ஒரு பெண்ணிடம் அல்லது பிள்ளையிடம் தவறாக நடந்தால், அதை வெளிப்படுத்துபவர் சபையை உடைப்பவர் அல்லர். தவறு செய்தவரே உடைத்தவர். அப்படியான விடயங்களில் சபைக்குள் சமாதானம் பேசிவிட்டு விடக்கூடாது. பொலிசில் முறைப்பாடு செய்ய வேண்டும். பிள்ளைகள் சம்பந்தப்பட்டால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அறிவிக்கலாம், பெண்கள் 1938க்கு அழைக்கலாம். மன்னிப்பு என்பது குற்றத்தை ஒளித்து வைப்பது அல்ல.

ஏனைய பிணக்குகளுக்கு மத்தேயு பதினெட்டாம் அதிகாரம் ஒரு ஒழுங்கைத் தருகிறது. முதலில் தனியே போய்ப் பேச வேண்டும். கேட்காவிட்டால் ஓரிருவரை அழைத்துச் செல்ல வேண்டும். அதன் பின்னரே சபைக்குச் சொல்ல வேண்டும். நாம் செய்வது பெரும்பாலும் தலைகீழ். ஊருக்கெல்லாம் சொல்லி முடிந்த பிறகு கடைசியாகத்தான் உரியவருக்குத் தெரியவரும்.

பிலிப்பி சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என இரண்டு பெண்கள் மனம் பிரிந்திருந்தார்கள். இருவரும் பவுலோடு சேர்ந்து சுவிசேஷத்துக்காகப் பாடுபட்டவர்கள். பவுல் யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்லவில்லை. இருவரிடமும் தனித்தனியே கெஞ்சுகிறார், அவர்களுக்கு உதவும்படி மூன்றாவது ஆளைக் கேட்கிறார். அந்த மூன்றாவது ஆள்தான் எங்கள் ஊர்களில் இல்லாமல் போனவர். சண்டை வந்ததும் எல்லோரும் ஏதாவது ஒரு பக்கம் போய்விடுகிறோம், நடுவில் நிற்க ஆளில்லை.

பிரிந்தவை சேருவதற்குக் காலம் செல்லலாம். மாற்குவைக் கூட்டிச் செல்வது பற்றிய தர்க்கத்தால் பவுலும் பர்னபாவும் பிரிந்தார்கள். பின்னர் தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்திலே அதே மாற்கு தனக்குப் பயனுள்ளவன், அவனை அழைத்து வா என்று பவுல் கேட்கிறார். 1054இல் ஒருவரையொருவர் சபித்துப் பிரிந்த ரோமும் கொன்ஸ்தாந்திநோபிளும் அந்தச் சாபங்களை நீக்கியது 1965இல்தான். மறுபுறம், 1947இல் வேறுவேறு மரபுகளைச் சேர்ந்த சபைகள் இணைந்து தென்னிந்திய திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணத்துச் சபைகளும் அதில் சேர்ந்தன. பிரிவது மட்டுமல்ல, சேர்வதும் எங்கள் வரலாற்றில் உண்டு.

அந்தக் கிராமத்தில் சபைகள் இன்றும் இரண்டுதான். ஆனால் சேமிப்புக் குழு மீண்டும் கூடுகிறது. அதைக் கூட்டியவர் ஒரு சைவப் பெண். இரண்டு பக்கத்திலும் இல்லாதபடியால் இரண்டு பக்கமும் போய்வர அவரால் முடிந்தது. முதல் கூட்டத்தை அவர் தன் வீட்டு விறாந்தையில்தான் வைத்தார். ஒன்பது பேர் வந்தார்கள். அந்த இரு தாய்மாரும் வந்தார்கள். பேசவில்லை, ஆனால் ஒரே பாயில் இருந்தார்கள்.

சகோதரிகளே, எங்களைப் பிரிக்க வெளியிலிருந்து எத்தனையோ சக்திகள் வந்தன. அவற்றுக்குத் தப்பி வந்திருக்கிறோம். உள்ளேயிருந்து எழும் சுவர்களுக்கு நாங்களே கல் எடுத்துக் கொடுக்க வேண்டாம். உங்கள் ஊரிலும் பிரிந்திருக்கும் இரண்டு பேர் இருப்பார்கள். இந்த மாதத்துக்குள் அவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கள். பிறகு மற்றவர் வீட்டுக்கும் போங்கள். ஒரு வீட்டில் கேட்ட கதையை மற்ற வீட்டுக்குக் கொண்டுபோகாமல் போங்கள்.