டயருக்குள் தண்ணீர்

டிராக்டர் டயருக்குள் காற்று மட்டும்தான் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். முக்கால் பங்கு தண்ணீரும் இருக்கலாம் என்பதை 1990 வாக்கில், கோவில்பட்டிப் பக்கம் எங்கள் கரிசல் காட்டில்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அப்பா காலமான பிறகு விவசாயத்தை அம்மாதான் பார்த்தார். கோடை உழவுக்கு வாடகை டிராக்டர். வாடகை மணிக்கணக்கு. காய்ந்து இறுகிய கரிசலில் சட்டிக் கலப்பையை இறக்கினால், பின் சக்கரம் சறுக்கிச் சுற்றும். டீசல் எரியும், மணி ஓடும், உழவு நகராது. அம்மாவிடம் இருந்ததோ எண்ணி முடிந்து வைத்த பணம்.

"பெரியம்மா, டயருக்குத் தண்ணி ஏத்துனா சரியாப் போயிரும்" என்றார் டிரைவர்.

"மழையில்லாத ஊர்ல டயருக்கு வேற தண்ணியா?" என்றார் அம்மா.

இருந்தாலும் சம்மதித்தார். டிரைவர் பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, வால்வு உச்சிக்கு வரும்படி சக்கரத்தைத் திருப்பினார். வால்வு ஊசியைக் கழற்றி, கிணற்று மோட்டார் தண்ணீரைச் சின்னக் குழாய் வழியாக விட்டார். நடுநடுவே குழாயை எடுத்து, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றினார். வால்வு வழியே தண்ணீர் திரும்பி வந்ததும் நிறுத்தினார். அதுதான் முக்கால் அளவு. மீதி இடத்தில் காற்றடித்தார். முழுக்க நிரப்பினால் டயர் கல்லாகிவிடும். குலுக்கலைத் தாங்க அந்தக் கால் பங்கு காற்று வேண்டும். அந்த அளவு டயருக்குச் சுமார் 200 லிட்டர் பிடிக்கும். அதாவது சக்கரத்துக்கு 200 கிலோ கூடுதல் எடை.

சாக்பீஸால் டயரில் கோடு போட்டு நான் அளந்து பார்த்தேன். கலப்பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டினால் பத்துச் சுற்றுக்கு 40 மீட்டர். தண்ணீர் ஏற்றும் முன், உழும்போது அதே பத்துச் சுற்றுக்கு 30 மீட்டர்தான். ஏற்றிய பின் 35. சறுக்கல் பாதியாகிவிட்டது.

அதற்காக எப்போதும் எடை நல்லது என்று நினைக்க வேண்டாம். தாமிரபரணிப் பக்கம் சேற்றுழவுக்குப் போகும்முன் அதே டிரைவர் தண்ணீரை இறக்கிவிடுவார். கனமான வண்டி சேற்றில் புதையும்; மண்ணும் அழுந்தி இறுகும்.

சறுக்கலைக் கண்டுபிடிக்க அவர் சொல்லிக் கொடுத்த வழி எளியது. உழும் வண்டியின் தடத்தைப் பாருங்கள். டயர் பட்டன் அச்சு மொத்தமாக அழிந்திருந்தால் எடை போதாது. கொஞ்சமும் கலையாமல் அச்சடித்தது போல் இருந்தால் எடை அதிகம்.

அதன்பின் எந்த வண்டி வந்தாலும், அம்மா முதல் சாலிலேயே குனிந்து தடத்தைப் பார்த்துவிடுவார். கடிகாரம் பார்ப்பது அதற்கு அப்புறம்தான்.