வளைந்த குழல்

டேவிட் மன்ரோவின் 'கோதிக் கால இசை'யை மறுபடி எடுத்தேன். மூன்று இசைத்தட்டுகள், 1976இல் வந்தவை. பாரிஸின் நோத்ருதாம் தேவாலயத்துக்காகப் பெரோடின் அமைத்த 'விதெருந்த் ஓம்னஸ்' அதில் இருக்கிறது, 1198ஐ ஒட்டியது. முதல் வார்த்தையின் 'வி' மட்டுமே நீண்ட நேரம் போகிறது. கீழ்க்குரல் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிற்க, மேலே மூன்று குரல்கள் துள்ளி, உரசி, விலகி ஓடுகின்றன. தம்புரா கேட்டுப் பழகிய காதுக்கு அந்நியமாக இல்லை. ஆனால் தம்புரா அசையாது. இந்தக் கீழ்க்குரல் வெகுநேரம் கழித்து அடுத்த ஸ்வரத்துக்கு நகரும். அந்த இடத்தில் தரையே நகர்கிற மாதிரி இருக்கிறது. மூன்று தடவை திரும்பக் கேட்டேன்.

*

78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடம். பெரோடினை அதில் ஏற்றியிருந்தால் இரண்டு மூன்று இடத்தில் வெட்டித் தட்டைத் திருப்ப வேண்டியிருக்கும். 1948இல் எல்பி வந்தது, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். 'யெஸ்' குழு 1972இல் ஒரே பாட்டால் ஒரு பக்கத்தை நிரப்பியதும் ('க்ளோஸ் டு தி எட்ஜ்') அந்த இடவசதியில்தான். ப்ரோக்ரசிவ் ராக்கை நீளம் நீளம் என்று குறை சொல்கிறார்கள். எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய இந்தப் பாட்டை யாரும் அப்படிச் சொல்வதில்லை. இரண்டும் கேட்பவரின் பொறுமையை நம்பிய இசை.

*

க்ரம்ஹார்ன்: குடைக் கைப்பிடி போல அடி வளைந்த மரக்குழல். நாகஸ்வரம் போல இதற்கும் சீவாளி உண்டு. ஆனால் அதன்மேல் ஒரு மூடி. ஊதுகிறவரின் உதடு சீவாளியைத் தொடவே தொடாது. உதட்டின் பிடியில் நாகஸ்வரக்காரர் செய்யும் குழைவு இங்கே நடக்காது. அழுத்தி ஊதி மேல் ஸ்தாயியைப் பிடிக்கவும் முடியாது. ஆக மொத்தம் ஒன்பது ஸ்வரம் சொச்சம். வண்டு முரல்வது போன்ற சத்தம். எனக்கு அது போதும்.

கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்த காலத்தில், நண்பர் ஒருவரின் அறைச் சுவரில் இது தொங்குவதை மன்ரோ பார்த்தாராம். அதற்கு முன்பே பெருவில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு, அந்த ஊர்க் குழல்களோடு திரும்பியிருந்தவர். அவர் வாசிப்பில் நூலகத் தூசி இல்லாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சுவடியில் உறைந்த மெட்டை, சந்தையில் ஊதுகிறவனின் மூச்சோடு வாசித்தார். 1967இல் லண்டனில் பழைய இசைக்கென்று ஒரு குழு. 1971 முதல் பிபிசி வானொலியில் 'பைட் பைப்பர்', அறுநூறுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். 1976 மே மாதம், 33 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இதை எழுதும்போதும் மனசு ஆறவில்லை.

*

லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் படித்த ரிச்சர்ட் ஹார்வியும் பிரயன் கல்லண்டும் அதே க்ரம்ஹார்னை ராக் மேடைக்குக் கொண்டுபோனார்கள். குழுவின் பெயர் 'கிரிஃபன்', முதல் தட்டு 1973. அடுத்த வருஷம் தேசிய நாடக அரங்கின் 'டெம்பெஸ்ட்' நாடகத்துக்கு இசையமைத்தார்கள். அது 'மிட்நைட் மஷ்ரம்ப்ஸ்' என்று ஒரு முழுப் பக்கம் ஓடும் பாட்டானது. அதே 1974இல் 'ரெட் குவீன் டு கிரிஃபன் த்ரீ': சதுரங்க ஆட்டத்தைச் சொல்லும் நாலே பாட்டுகள், வாய்ப்பாட்டே கிடையாது. சிந்தசைசரும் க்ரம்ஹார்னும் ஒரே மெட்டை மாற்றி மாற்றி எடுக்கும்போது எது பழசு என்ற கேள்வியே எழவில்லை. 'யெஸ்' குழுவோடு அமெரிக்கா முழுக்கச் சுற்றியும் இவர்கள் பெரிய பெயர் வாங்கவில்லை. அது அநியாயம்.

*

1977இல் வாயேஜர் விண்கலங்களோடு போன தங்கத்தட்டில் மன்ரோ குழு வாசித்த 'ஃபேரி ரவுண்ட்' இருக்கிறது. ஆண்டனி ஹோல்போர்னின் மெட்டு. அதே தட்டில் கேசர்பாய் கேர்கரின் பைரவி. மன்ரோவுடையது ஒரு நிமிடம் 17 வினாடி.

*

நாளைக்கு: 'ரெட் குவீன்' இரண்டாம் பக்கம், 'லமென்ட்'. பஸ்ஸூன் நுழையும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.