கடிகாரத்தோடு ஒரு பந்தயம்

சைக்கிள் பந்தயம் என்றதும் நம் கண்முன் தோன்றுவது என்ன? வண்ண வண்ண உடைகள், முண்டியடித்து வரும் கூட்டம், விண்ணைப் பிளக்கும் கரவொலி! நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம், நூலக மேசைமேல் சிஸ்டர் பரப்பி வைத்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களைக் காணும் வரை.

ஜூன் 3 உலக மிதிவண்டி நாள் என்று 2018ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அதையொட்டி, பள்ளி திறந்த கையோடு நூலகத்தில் ஒரு சிறு கண்காட்சி வைக்க ஏற்பாடாயிற்று. இங்கிலாந்தில் வாழும் முன்னாள் மாணவி ஒருவர், அந்நாட்டின் ‘டைம் டிரயல்’ பந்தயங்களின் பழைய படங்களை நகலெடுத்து அனுப்பியிருந்தார். அவற்றுக்குத் தமிழில் குறிப்பு எழுதும் பணி பன்னிரண்டாம் வகுப்பில் எங்கள் ஐவருக்கும், பதினோராம் வகுப்பில் ஒருத்திக்கும் கிடைத்தது. அந்த ஒருத்தி, சென்ற ஆண்டு வரை எங்களோடு ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்தவள்.

முதல் படத்தில் ஆளரவமற்ற சாலை, ஒரு மைல்கல், கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடை அணிந்த ஒருவர் தன்னந்தனியே சைக்கிளில் போகிறார். “இவர் பந்தயத்துக்குப் போகிறாரா, துக்கம் விசாரிக்கப் போகிறாரா?” என்றாள் எங்களில் ஒருத்தி. எல்லோரும் சிரித்தோம். “சிரித்து முடித்தாயிற்றா, பிள்ளைகளா? இப்போது கேளுங்கள்” என்று சிஸ்டர் கதையைத் தொடங்கினார்.

குதிரை வண்டிகள் ஓடிய காலம். சாலையில் கூட்டமாகச் சைக்கிள் பந்தயம் விடுவதைப் பொதுமக்களும் காவல் துறையும் வெறுத்தனர். 1894இல் ஒரு பந்தயத்தில் குதிரை வண்டியோடு மோதல் நேர்ந்து புகார் எழுந்தது. சைக்கிளோட்டிகளின் தேசியச் சங்கமே சாலைப் பந்தயங்களுக்கு எதிராக நின்றது. அப்போது எஃப். டி. பிட்லேக் என்பவர் ஒரு வழி கண்டார். எல்லோரையும் ஒன்றாக விட்டால்தானே தொல்லை? ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு அனுப்பினால்? ஒவ்வொருவர் எடுத்த நேரத்தையும் தனித்தனியே குறித்து, குறைந்த நேரம் எடுத்தவரே வென்றவர் என்றால்? அந்த முறையில் 1895 அக்டோபர் 5ஆம் நாள் 50 மைல் பந்தயம் நடந்தது.

யார் கண்ணிலும் படக்கூடாது என்பதற்காகவே அந்தக் கறுப்பு உடை! பந்தயம் தொடங்குவது பெரும்பாலும் ஞாயிறு விடியற்காலை. பந்தயப் பாதைக்கு ஊர்ப் பெயர் சொல்லாமல், எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு குறியீடு. தாங்கள் விரும்பிய விளையாட்டை ஒளிந்து ஒளிந்து விளையாடினார்கள் என்று கேட்டதும் எங்கள் சிரிப்பு அடங்கிவிட்டது. 1942இல் பெர்சி ஸ்டாலார்டு என்பவர் துணிந்து, லாங்கோலனிலிருந்து உல்வர்ஹாம்ப்டன் வரை கூட்டப் பந்தயம் நடத்தினார். அதற்காகச் சங்கம் அவரை விலக்கி வைத்ததாம்!

அடுத்த படங்களில் மனிதர்கள் நெருங்கி வந்தார்கள். ஒன்றில், ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, மற்றொருவர் கையிலிருக்கும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னொன்றில், சைக்கிளின் முன்சக்கரத்துக்கு இருபுறமும் இரண்டு சக்கரங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. அவை பந்தயச் சக்கரங்கள். பந்தயம் நடக்கும் இடத்துக்கும் சைக்கிளிலேயே சென்று, அங்கே சக்கரம் மாற்றி ஓட்டிவிட்டு, மீண்டும் சைக்கிளிலேயே வீடு திரும்புவார்களாம்.

பெண்களின் படங்களும் இருந்தன. கவென்ட்ரி நகரின் ஐலீன் ஷெரிடன் நாலடி பதினோரு அங்குல உயரமே உள்ளவர். பிரிட்டனின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து வடகிழக்குக் கோடியான ஜான் ஓ குரோட்ஸ் வரை, ஏறத்தாழ 870 மைல் தூரத்தை 1954இல் 2 நாள் 11 மணி 7 நிமிடத்தில் கடந்தார். அதோடும் நிற்காமல் ஆயிரம் மைலையும் நிறைவு செய்தார். அவரை ஆதரித்த நிறுவனம் ஹெர்குலிஸ். அடடா, நம் தாத்தாக்களின் ஹெர்குலிஸ்! 1949இல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் இங்கே செய்து விற்றதும் அந்தப் பெயரைத்தான்.

கடைசிப் படம் பெரில் பர்ட்டன். அவரைப் பற்றிய குறிப்பைப் பதினோராம் வகுப்புக்காரி வாசித்தாள். 1937இல் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள லீட்ஸில் பிறந்தவர். பதினோரு வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் கண்டு... அந்த இடத்தில் அவள் குரல் நின்றுவிட்டது.

அவளுக்கு வந்ததும் அதே காய்ச்சல்தான். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் மூட்டுகள் வீங்கிப் படுத்தாள். இதயத்தையும் அது தொட்டுவிட்டது என்றார்கள். மாதக் கணக்கில் வீட்டிலிருந்தாள். இன்றும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி. அரசு தந்த மிதிவண்டிகளில் எங்களோடு பள்ளிக் கதவு வரை பந்தயம் விட்டு வந்தவளின் வண்டியை இப்போது அவள் தம்பி ஓட்டுகிறான். இந்த ஆண்டு மீண்டும் பதினோராம் வகுப்பிலேயே சேர்ந்தாள். நாங்கள் என்ன செய்தோம்? முதல் வாரம் பேசினோம். பிறகு டியூஷன், டெஸ்ட் என்று சாக்குச் சொன்னோம். நடைவழியில் எதிர்ப்பட்டால் ஒரு புன்னகை, அவ்வளவுதான். அவளை ஒதுக்கவில்லை என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

மீதியைச் சிஸ்டர் வாசித்தார். பெரில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளை மருத்துவமனையிலும் உடல் தேற்றும் இல்லத்திலும் கழித்தார். கணவர் சார்லியால் சைக்கிளுக்கு வந்தார். பந்தயத்தில் பணம் கிடையாது; தோட்டத்தில் மண்வேலை செய்து பிழைத்தார். 1959 முதல் 1983 வரை 25 ஆண்டுகள் தொடர்ந்து நாட்டின் தலைசிறந்த பெண் டைம் டிரயல் வீராங்கனை அவரே. 1967இல் பன்னிரண்டு மணி நேரப் பந்தயம் ஒன்றில், ஆண்கள் எல்லோரும் புறப்பட்ட பிறகு புறப்பட்டார். ஒவ்வொருவராகக் கடந்து, முன்னணியில் இருந்த மைக் மெக்னமாராவையும் நெருங்கினார். கடக்கும்போது அவருக்கு ஓர் அதிமதுர மிட்டாயை நீட்டினார். அவரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்! மெக்னமாரா ஓட்டியது 276.52 மைல், ஆண்களில் புதிய சாதனை. பெரில் ஓட்டியது 277.25 மைல். பெண்களில் அதை மிஞ்ச 2017 வரை, ஐம்பது ஆண்டுகள் ஆயின.

“அவரிடம் குறையே கிடையாதா, சிஸ்டர்?” என்று கேட்டோம். “இருந்தது. 1976இல் தேசியப் போட்டியில் சொந்த மகள் டெனிஸ் முந்தி வென்றபோது, கைகுலுக்க மறுத்துவிட்டார். அது சரியல்ல என்று பின்னர் அவரே எழுதினார்” என்றார் சிஸ்டர்.

மிட்டாய் நீட்டிய அதே கைதான் மகளுக்கு நீளவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் கைகளும் நீளவில்லையே!

“ஏண்டி, எங்கள்மேல் கோபமா?” என்று எங்களில் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்.

“கோபம் இல்லை. நீங்கள் முன்னால் போய்விட்டீர்கள், நான் பின்தங்கிவிட்டேன் என்று நினைத்தேன். டாக்டர் வேகமாக ஓட்டக்கூடாது என்கிறார். இந்த அம்மாவைப் போல நான் ஓட்ட முடியாது” என்றாள். “டாக்டர் சொல்வதைக் கேள். எல்லோரும் பெரிலாக வேண்டியதில்லை” என்று சிஸ்டர் அவள் தோளைத் தட்டினார்.

இப்போது மாலையில் நாங்கள் ஆறு பேராகவே வீடு திரும்புகிறோம். அவளை முறை வைத்துக் கேரியரில் ஏற்றிக்கொள்கிறோம். சில நாள் எல்லோரும் இறங்கி உருட்டிக்கொண்டே நடக்கிறோம். கண்காட்சியில் முதல் படத்துக்கு அவள் எழுதிய குறிப்பைத் தலைமையாசிரியை நின்று இருமுறை வாசித்தார். அதையே இங்கே தருகிறோம்:

“இந்தப் பந்தயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்படுவதில்லை. பிந்திப் புறப்பட்டவர் தோற்றவர் ஆகமாட்டார். அவரவர் புறப்பட்ட நொடியிலிருந்தே அவரவர் கணக்கு.”

- பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் ஐவர்