கழுவிய தண்ணீர்

கதையும் கவிதையும் வருகின்ற பக்கங்களில் ஆய்வுகூடத்துப் பிளாஸ்ரிக் முனையொன்றைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எனக்குக் கதை எழுத வராது, வாசிப்பதோடு சரி. பிழைப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். இருபது வருடங்களாகப் புரதங்களோடு மாரடிக்கிறேன். இந்தக் காலத்தில் என் கையில் பேனாவை விட அதிகமாகப் புழங்கியது இந்த முனைதான்.

குழாயி என்று பாடப்புத்தகம் சொல்லும் கருவியின் நுனியில் மாட்டுவது இது. ஆய்வுகூடத்தில் எல்லோரும் 'டிப்' என்போம். ஒருமுறை பாவித்து எறிந்துவிடும் சாமான். நான் சொல்லவந்தது அதிலும் ஒரு விசேட வகை. வாய்ப்பக்கத்தில் குரக்கன் மணியை விடச் சிறிதாக ஒரு வெண்பொட்டு அடைத்திருக்கும். அதன் கொள்ளளவு 0.6 மைக்ரோ லீற்றர். ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறத்தாழ 50 மைக்ரோ லீற்றர் வரும் என்றால், பொட்டின் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தப் பொட்டு சிலிக்கா மணிகளால் ஆனது. ஒவ்வொரு மணியிலும் 18 காபன் அணுக்கள் கொண்ட சங்கிலிகள் மயிர் போல முளைத்திருக்கின்றன. எண்ணெய்க் குணம் கொண்ட சங்கிலிகள். புரதமொன்றைத் திரிப்சின் என்ற நொதியத்தால் வெட்டினால் சிறு துண்டுகள் கிடைக்கும். இவையே பெப்டைட்டுகள். திரிப்சின் கண்ட இடத்தில் வெட்டாது. லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்குப் பின்னால்தான் கத்தி வைக்கும். வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தால் இது இன்ன புரதம் என்று சொல்லிவிடலாம். நிறுக்கின்ற தராசுக்குத் திணிவு நிறமாலைமானி என்று பெயர். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளை இவ்வாறு நிறுப்பதற்கு வழிகண்ட ஜோன் ஃபென்னும் கொய்ச்சி தனக்காவும் 2002ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசில் பங்குபெற்றார்கள்.

பெரிய தராசுதான், ஆனால் உப்பைக் கண்டால் அதற்கு ஆகாது. வெட்டும் வேலைக்குச் சேர்த்த உப்பும் யூரியாவும் மாதிரியில் மிஞ்சியிருந்தால் பெப்டைட்டின் குரல் கேட்காது. ஐதரசன் இருக்கவேண்டிய இடத்தில் சோடியம் புகுந்துகொள்ளும், நிறை 22 கூடிக் காட்டும். ஒரே பெப்டைட்டு இரண்டு மூன்று வேஷத்தில் வந்து நிற்கும். ஆகவே நிறுப்பதற்கு முன் கழுவவேண்டும். கழுவுவதற்குத்தான் டிப்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்தவர் பேராசிரியர் அல்லர். வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போன இடத்தில் இருந்த வயதான ஆய்வுகூட உதவியாளர் ஒருவர். கட்டுரைகளின் கடைசியில் நன்றி சொல்லும் வரியில் மட்டும் அவர் பெயர் வரும். முதல் வாரம் முழுவதும் வெறும் தண்ணீரை ஏற்றி இறக்கச் செய்தார். என் பெருவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், டிப்பைப் பார்க்கவேயில்லை.

வேலை இதுதான். காய்ந்த டிப் எதையும் பிடிக்காது. முதலில் அசெற்றோநைத்திரைல் கரைசலை ஏற்றி அந்த மயிர்களை நனைத்து எழுப்பவேண்டும். பிறகு 0.1 வீத டிரைபுளோரோ அசற்றிக் அமிலத்தால் அலசவேண்டும். அதன் பின்னரே மாதிரி. பத்துத் தடவை உறிஞ்சி, பத்துத் தடவை விடவேண்டும், மிக மெதுவாக. எண்ணெய்க் குணமுள்ள பெப்டைட்டுகள் மயிரில் ஒட்டிக்கொள்ளும். உப்பும் யூரியாவும் ஒட்டாமல் வெளியே போய்விடும். இடையில் காற்று புகுந்தால் பொட்டு காய்ந்துவிடும், பிறகு ஒட்டவேண்டியது ஒட்டாது. மீண்டும் அமிலத் தண்ணீரால் கழுவி, கடைசியில் பாதிக்குப் பாதி அசெற்றோநைத்திரைல் கலந்த கரைசல் இரண்டே மைக்ரோ லீற்றர் எடுத்து ஒட்டியவற்றை இளக்கி இறக்கவேண்டும். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் பெருவிரல் அவசரப்பட்டால் ஆறு மாத வேலை பாழ்.

சவர்க்கார வகைகள் இருந்தால் கதை வேறு. அவையும் எண்ணெய்க் குணத்தோடு வந்து அதே மயிரில் ஒட்டி இடம்பிடித்துக்கொள்ளும். டிப் எல்லாவற்றையும் கழுவித்தரும் என்று நம்பிவரும் மாணவர் ஒருவரையாவது வருடந்தோறும் சந்திக்கிறேன். இன்னொரு தொல்லை கெரற்றின். நம் தோலிலும் முடியிலும் உள்ள புரதம். கையுறையில்லாமல் குனிந்து வேலை செய்தால், தேடிய புரதத்துக்குப் பதிலாகத் தேடியவரே நிறமாலையில் வந்து நிற்பார்.

கடையில் வாங்கும் இந்த டிப்புகள் எங்களைப் போன்ற நாட்டுக்கு விலை அதிகம். டென்மார்க்கின் ஒடென்சே நகரப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள் இதற்கு ஒரு வழி செய்தார்கள். மிக மெல்லிய டிப்புகளில் தாமே துகளை அடைத்துப் பாவிக்கும் முறையை ரோப்ஸ்டோர்ஃப் குழுவினர் 1999இல் வெளியிட்டனர். 2003இல் ரப்சில்பர், இஷிஹாமா, மான் ஆகிய மூவரும் அதை இன்னும் எளிதாக்கினார்கள். அதே 18 காபன் துகள் பதித்த மென்தகட்டில் மழுங்கிய ஊசியால் ஒரு வட்டம் குத்தி, சாதாரண டிப்புக்குள் தள்ளிவிட்டால் முடிந்தது. ஸ்டேஜ்டிப் என்று பெயர் வைத்தார்கள். பெயர் பெரிது, செய்வதோ பிள்ளைகள் காகிதத்தில் ஓட்டை போடுகிற வேலை. நான் படித்த ஆய்வுக் கட்டுரைகளுக்குள் ஏழை ஆய்வுகூடங்களை நினைத்து எழுதியதுபோல் எனக்குப் பட்டது அது ஒன்றுதான். அவர்கள் அப்படி நினைத்தார்களோ என்னவோ. பெப்டைட்டுகளை அந்தத் தகட்டில் ஒட்டியபடியே வைத்துத் தபாலிலும் அனுப்பலாம். எங்களிடம் அந்தத் தராசு இல்லை. ஆகவே டிப்புகள் கடல் கடந்து போய் முடிவுகள் மின்னஞ்சலில் திரும்பி வரும்.

2021இல் என்னிடம் ஆய்வுசெய்த மாணவி கண்ணாடி விரியனின் நஞ்சை எடுத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் புடையன் என்போம். வேளாண்மை வெட்டும் காலத்தில் வயலில் கால்வைப்பவனுக்கு அதன் பெயரைச் சொன்னாலே போதும். நம் வைத்தியசாலைகள் நெடுங்காலமாகப் பாவிக்கும் விஷமுறிவு மருந்து இந்தியாவில், இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு செய்யப்படுவது. நம் நாட்டுப் பாம்பின் நஞ்சு அதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பது ஏட்டுக் கேள்வியல்ல. உரிய அனுமதிகளோடு கிடைத்த நஞ்சோ மிகக் கொஞ்சம். அதிலிருந்து பொஸ்போலிப்பேஸ் என்ற புரதத்தைப் பிரித்து, வெட்டி, ஸ்டேஜ்டிப்பில் ஏற்றி அனுப்பினாள். அந்தப் புரதம் சுமார் 120 அமினோ அமிலங்கள் நீளமானது. முடிவு 2022 பெப்ரவரியில் வந்தது. ஏற்கெனவே வெளியான வரிசையோடு ஒப்பிட்டால் பெரும்பகுதி பொருந்தியது. நடுவில் ஒரு துண்டு மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

"சேர், அந்தப் பகுதி நம்மட பாம்புல இல்ல. இது வேற வடிவம்" என்றாள். முகத்தில் அவ்வளவு வெளிச்சம். ஆய்வேட்டு வரைவில் அப்படியே எழுதியும் வைத்திருந்தாள்.

"இல்லையா மகள், காணல்லையா?"

அவளுக்கு விளங்கவில்லை. வரிசையை மேசையில் விரித்தேன். வெறுமையாகக் கிடந்த பகுதியில் லைசின் அடுத்தடுத்து இருந்தது. திரிப்சின் அங்கே நெருக்கமாக வெட்டியிருக்கும். நான்கும் ஐந்தும் அமினோ அமிலங்கள் கொண்ட பொடித் துண்டுகள்தான் வந்திருக்கும். அத்தகைய நீர்விரும்பித் துண்டுகளுக்கு 18 காபன் மயிரில் பிடிமானமில்லை. அவை உப்போடு உப்பாகக் கழுவிய தண்ணீரில் போய்விடும். பொசுபேற்று ஏறிய பெப்டைட்டுகளுக்கும் பல வேளைகளில் இதே கதிதான். டிப் தன்னிடம் ஒட்டியதை மட்டுமே தராசுக்குக் கொடுக்கிறது. தராசு அதை மட்டுமே நிறுக்கிறது. பிறகு நாம் உட்கார்ந்து, தராசு காட்டாதது பாம்பிலேயே இல்லை என்று எழுதுகிறோம். புடையன் கடித்தவனுக்கு மருந்து யோசிக்கிற ஒருவர் நாளை அந்த வரியை நம்பிப் படிப்பார்.

"டிப் கழுவின தண்ணி எங்க?"

"ஃபிரீசர்ல இருக்கு சேர். இடமில்லாம இன்டைக்கு ஊத்தத்தான் இருந்த."

"ஊத்திராதீங்க."

மாதிரியில் வேறெதுவும் மிஞ்சியிருக்கவில்லை. மீண்டும் நஞ்சு பெறுவதென்றால் ஒரு வருடம். இதற்கிடையில் நாடு இருந்த நிலை எல்லோருக்கும் தெரியும். மார்ச் முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. ஃபிரீசர் உருகுவதும் உறைவதுமாக இருந்தது. அவ்வளவு ஐதான கரைசலில் உள்ள பெப்டைட்டுகள் பிளாஸ்ரிக் குழாயின் சுவரிலேயே ஒட்டிக் காணாமற்போகும். உருகி உறையும் ஒவ்வொரு தடவையும் நட்டம்தான்.

பொடித் துண்டுகளைப் பிடிக்க வேறொரு பொட்டு உண்டு. காரீயத் தூள். டிப்பில் அதை அடைத்துப் பாவிக்கலாம் என்று 2002இல் லார்சன், கோர்ட்வெல், ரோப்ஸ்டோர்ஃப் ஆகியோர் எழுதியிருந்தார்கள். 18 காபன் கைவிடும் நீர்விரும்பிகளைக் காரீயம் பிடித்துக்கொள்ளும். பென்சிலுக்குள் இருக்கும் அதே காரீயம். போகலயிலும் கஹட்டகஹவிலும் மண்ணுக்குக் கீழே நம்மவர் தோண்டியெடுத்துக் கப்பலேற்றும் பொருள். எங்கள் ஆய்வுகூடத்துத் தூள் என்னவோ வெளிநாட்டுப் போத்தலில் வந்ததுதான்.

மையநீக்கி ஓட மின்சாரம் வேண்டும். டிப்புக்கு வேண்டாம். சிரிஞ்சை மாட்டிக் கையால் தள்ளினாலும் வேலை நடக்கும். காலையில் கிழக்குப் பக்க யன்னலோரம் மேசையைப் போட்டு, சூரிய வெளிச்சத்தில் அந்தப் பிள்ளை கழுவிய தண்ணீர் முழுவதையும் காரீயத்தின் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தள்ளினாள். மூன்று குழாய்களுக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது. நான் அவள் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோன்பு தொடங்கிய வாரம் டிப்புகள் தபாலில் போயின.

மே கடைசியில் வந்த நிறமாலையில் 842.5இல் வழமையான முகடு நின்றது. பன்றித் திரிப்சின் தன்னைத்தானே வெட்டிக்கொண்ட துண்டு அது. முதல் நிறமாலையிலும் இருந்ததுதான். அதைக் கண்டால் அளவு சரியென்று மனம் ஆறும். அதற்குக் கீழே, முன்பு வெறுமையாக இருந்த இடத்தில், புதிதாக இரண்டு முகடுகள். கணக்குப் பார்த்தோம். காணாமற்போன பகுதியின் துண்டுகள். வெளியான வரிசையில் உள்ளபடியே இருந்தன.

"கண்டுபிடிப்புப் போயிட்டே சேர்" என்றாள். சிரிக்க முயன்றாள், வரவில்லை. ஆறுதல் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. புதிய வடிவமென்று எழுதியிருந்தால் சர்வதேசச் சஞ்சிகையொன்று அதை வாங்கியிருக்கும். மற்றதை வாங்குவார் இல்லை. ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் மூன்று பக்கங்களை வெட்டி, 'இப்பகுதி 18 காபன் முறையில் தென்படவில்லை. காரீய முறையில் தென்பட்டது' என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தாள். நேர்முகத் தேர்வில் அந்த வரியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது அவள் வேறொரு பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளர். அங்கேயும் கழுவிய தண்ணீரைத் திகதி எழுதிச் சேர்த்துவைக்கிறாளாம். ஃபிரீசரில் மூன்றாம் தட்டு முழுவதும் அவளுடைய குழாய்கள் என்று சக விரிவுரையாளர்கள் சண்டை பிடிப்பதாகப் போன மாதம் தொலைபேசியில் சொன்னாள். தட்டை விட்டுக்கொடுக்கவில்லையாம்.