நில் என்றால் நிற்கும் நாய்

அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் பார்டர் கோலி வளர்ப்பவர்கள் நாய் பழக்குபவரைத் தேடி வரும்போது சொல்கிற புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்குது சார்." பைக்கைத் துரத்துகிறது. விளையாடுகிற பிள்ளைகளைச் சுற்றிச் சுற்றி ஓடி ஒரு மூலையில் சேர்த்து நிறுத்துகிறது. மொட்டைமாடியில் புறா வந்து உட்கார்ந்தால் வயிறு தரையில் உரச ஊர்ந்துபோய், இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. நாய்க்குக் கோளாறு எதுவும் இல்லை. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவிலுள்ள குன்றுகளில் ஆடு வளைப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனம் அது. மூன்றாவது மாடி ஃபிளாட்டில் ஆடு கிடையாது, கிடைத்ததை வளைக்கிறது.

இதே குணத்துக்கு அமெரிக்காவில் மாதச் சம்பளம் உண்டு. அங்கே கோல்ஃப் மைதானம், பூங்கா, அலுவலக வளாகத்துக் குளம் என்று குட்டைப்புல்லும் தண்ணீரும் சேர்ந்திருக்கும் இடமெல்லாம் கனடா வாத்துகள் குடியேறிவிட்டன. பல கூட்டங்கள் வலசை போவதையே விட்டுவிட்டன. புல்லை மேய்ந்து தீர்ப்பதும் நடைபாதை முழுக்க எச்சமிடுவதும் ஒரு தொல்லை, விமானம் இன்னொன்று. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் கிளம்பிய யு.எஸ். ஏர்வேஸ் விமானத்தின் இரண்டு என்ஜின்களும் இந்த வாத்துகளை விழுங்கி நின்றுபோயின. விமானி சல்லன்பெர்கர் அதை ஹட்சன் ஆற்றில் இறக்கினார்; 155 பேரும் பிழைத்தார்கள். ஆனால் 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டப்படி அந்த வாத்தை அனுமதியின்றிக் கொல்லக் கூடாது, முட்டையைத் தொடக் கூடாது. மிச்சமிருந்த வழி, காயம் படாமல் விரட்டுவது. 1980களில் கோல்ஃப் மைதானப் பராமரிப்பில் இருந்த டேவிட் மார்க்ஸ் பார்டர் கோலியை வைத்து இதைச் செய்து பார்த்து, பிறகு 'கீஸ் போலீஸ்' என்ற நிறுவனமாகவே நடத்தினார். 1999-இல் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸ் விமான நிலையம் ஜெட் என்ற பார்டர் கோலியை வேலைக்குச் சேர்த்தது. ஜெட்டுக்கு அங்கே முக்கியப் பகை வாத்து அல்ல. ஓடுபாதை ஓரத்துப் புல்லில் மேயும் கொக்குகளும் நாரைகளும்.

பட்டாசு, பிளாஸ்டிக் ஆந்தை, ஒலிபெருக்கியில் அபாயக் குரல் என்று எல்லாவற்றையும் வாத்து சில நாளில் கண்டுகொள்ளும். ஆந்தையின் தலைமேலேயே ஏறி உட்காரும். நாயிடம் மட்டும் அது செல்லாது. தலையைத் தாழ்த்தி, தோளுக்குள் கழுத்தை இழுத்து, கண்ணை எடுக்காமல் பதுங்கி வருவது ஓநாயின் நடை. அந்தப் பார்வையைப் பழக்குபவர்கள் 'கண்' என்றே சொல்கிறார்கள்: இந்த நாய்க்குக் கண் பலம், அதற்குக் கண் போதாது. ஓநாயின் வேட்டை, பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்று வரிசையாகப் போகும். நாய்களின் நடத்தையை ஆராய்ந்த ரேமண்ட் காப்பிங்கர் சொன்ன விளக்கம் இது: பார்டர் கோலியில் முதல் மூன்றும் மிகையாக வளர்க்கப்பட்டு, கவ்வுவது அடக்கப்பட்டிருக்கிறது. 1893-இல் நார்தம்பர்லாந்தில் பிறந்த, ஆடம் டெல்ஃபர் வளர்த்த ஹெம்ப் என்ற நாய் குரைக்காமல், கடிக்காமல், பார்வையாலேயே ஆடுகளை நகர்த்தியது. இன்றைய பார்டர் கோலிகளில் பெரும்பாலானவற்றின் வம்சக்கொடியில் அதன் பெயர் இருக்கும்.

அடக்கப்பட்டிருக்கிறது என்றால் அழிந்துவிட்டது என்று பொருளல்ல. பழக்குபவரின் பிழைப்பே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

துரத்துவதை யாரும் கற்றுத்தருவதில்லை. குட்டிக்கு முதலில் வருவது பெயர் சொன்னால் திரும்புவது, 'டவுன்' என்றால் அப்படியே படுப்பது. ஆட்டையோ வாத்தையோ அது பார்ப்பது எட்டு, பத்து மாதம் ஆன பிறகு. வெளிநாட்டில் பலர் ரன்னர் வாத்துகளை வைத்துத் தொடங்குகிறார்கள். நிமிர்ந்து நடக்கும், கூட்டம் கலையாது, பறக்காது, குட்டியை உதைக்காது. ('இண்டியன் ரன்னர்' என்று பெயர், வந்தது இந்தோனேசியாவிலிருந்து.) வட்டக் கொட்டிலில் வாத்துகள் நடுவில், மனிதர் ஒரு பக்கம். சொல்லாமலே நாய் எதிர்ப்பக்கம் போய் நிற்கும். மனிதர் இடது பக்கம் நகர்ந்தால், கூட்டம் இருவருக்கும் நடுவிலேயே இருக்கும்படி அதுவும் நகரும். வலஞ்சுழியாக ஓடினால் அந்த ஓட்டத்துக்கு ஒரு சொல், இடஞ்சுழியாக ஓடினால் வேறொரு சொல். நாய் தானாகச் செய்வதற்குப் பெயர் வைப்பதுதான் இந்தக் கட்டத்தில் பயிற்சி. சிரமம் இதற்குப் பிறகு. கூட்டத்தை எசமானரிடம் கொண்டுவருவதே அதன் பிறவி ஆசை. அவரை விட்டு அப்பால் தள்ளிக்கொண்டு போவது அதற்கு உவப்பில்லாத வேலை. அதனால் எப்போதும் கடைசிப் பாடம். குளக்கரையை வாத்திடமிருந்து விடுவிக்க நினைப்பவருக்கு வேண்டியது அந்தக் கடைசிப் பாடம்தான்.

அதைவிடப் பெரியது நிற்பது. முழு வேகத்தில், வாத்துக்குப் பத்தடி தூரத்தில், எசமானர் ஒரு மைதானத்துக்கு அப்பால் இருக்கும்போது ஒரு விசிலுக்குப் படுக்க வேண்டும். படுக்காத நாய் சாலைக்குப் போகும், பறவையைக் கவ்வும். ஒருமுறை கவ்வி ருசி கண்ட நாயை மறுபடி பறவை வேலைக்கு விட எந்தப் பழக்குபவரும் தயங்குவார். கோடையில் இறகு உதிர்த்த வாத்துகள் சில வாரம் பறக்க முடியாமல் இருக்கும். கூட்டில் அடைகாப்பவையும் உண்டு. அப்போதெல்லாம் நாயை அவற்றின் பக்கம் விடுவதில்லை. தண்ணீருக்குள் இறங்கிவிட்ட வாத்துக்குப் பின்னால் சிறு படகில் நாயோடு போகிறவர்கள் உண்டு. ஒருநாள் விரட்டினால் மறுநாள் வரும். நேரம் மாற்றி மாற்றி, நாளுக்குப் பலமுறை போக வேண்டும். இங்கே குடியிருக்க முடியாது என்று வாத்து முடிவெடுக்கும் வரை வேலை ஓயாது.

இந்த வித்தையை நாயில்லாமலே செய்கிறவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வயல்களில் வாத்துக்கூட்டம் இறங்கும். ஆரணி, கீரி, சன்யாசி என்று மேய்ப்பவர்கள் பெயர் சொல்லும் நாட்டு வகைகள். சிந்திய நெல்லும் நத்தையும் தீனி. நூற்றுக்கணக்கான வாத்துகளுக்கு ஓரிருவர்தான். நுனியில் துணி கட்டிய நீளக் கோலை வலப்புறம் உயர்த்தினால் கூட்டம் இடப்புறம் சாயும். அரை அடி கூடுதலாக நெருங்கினால் கூட்டம் இரண்டாகப் பிளக்கும், தாமதித்தால் வரப்பேறிவிடும். கோல் எந்த வாத்தின் மேலும் படுவதில்லை. எத்தனை நெருங்கினால் ஓடும், எந்தப் பக்கம் நின்றால் எந்தப் பக்கம் திரும்பும் என்பதைக் கால்நடைகளை வைத்து விலங்கு நடத்தை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டின் படம் போட்டு விளக்கியிருக்கிறார். மேய்ப்பவருக்குப் படம் தேவைப்படவில்லை. பார்டர் கோலியைப் பழக்க விரும்பும் அடையாறுக்காரர் யூடியூபுக்கு முன்னால் இந்த வயல்களில் ஒரு காலைப் பொழுது நின்று பார்ப்பது நல்லது.

தமிழ்நாட்டு நாய்களில் இப்படி ஒரு வளைக்கும் இனம் உருவாகவில்லை. ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளிடம் நாய் இருக்கும். அதன் வேலை இரவுக் காவல். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டும் வேட்டை நாய்கள். அவற்றின் வரிசையில் கவ்வுவது பத்திரமாக இருக்கிறது. சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றி 2017-இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் இந்த இனங்களைப் பற்றி அறிய நல்ல தொடக்கம். சைதாப்பேட்டையில் இவற்றுக்கென அரசே இனப்பெருக்கப் பண்ணை நடத்தியதும் உண்டு. வேட்டை நாயை வைத்துப் பறவை விரட்டும் முயற்சி வடக்கே நடந்திருக்கிறது: 2021-இல் கர்நாடகத்தின் திம்மாப்பூர் ஆராய்ச்சி மையத்திலிருந்து முதோல் இனக் குட்டிகள் ஆக்ரா விமானப்படைத் தளத்துக்கு இதற்காகவே அனுப்பப்பட்டன. பரந்த ஓடுபாதைக்கு அந்த இனத்தின் வேகம் பொருந்தும். முதோலிடம் வேகத்தை எதிர்பார்க்கலாம். ஆனால் பத்தடியில் நிற்பதை எதிர்பார்ப்பதற்கு வேறு அளவு பொறுமை வேண்டும்.

மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு இது உதவுமா? அங்கே இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலம் போட்டு நீட்டப்பட்டது. ஆறு இருக்கும் இடத்தில் கொக்கு இருக்கும். புல்லில் ஆள்காட்டி இருக்கும். தரையில் இறங்கும் இவற்றிடம் நல்ல நாய் வேலை காட்டும். உயரத்தில் வட்டமிடும் பருந்தை நாய் ஒன்றும் செய்ய முடியாது. பருந்தை இழுப்பது கசாப்புக் கழிவும் குப்பையும். விமான நிலையத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் வெட்டவெளியில் கழிவு கொட்டக் கூடாது என்று 1937-ஆம் ஆண்டின் விமான விதிகளே சொல்லியிருந்தன. அதை நடைமுறைப்படுத்துவது எந்த நாயைப் பழக்குவதையும்விடப் பலன் தரும்.

மயிலாப்பூர், தி. நகர் அடுக்ககங்களின் தொல்லைப் பறவை புறா. ஏசி பெட்டிக்குப் பின்னால் கூடு கட்டும், துரத்தினால் எதிர் வீட்டு விளிம்பில் போய் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கும். நாயின் கயிறு எட்டும் தூரம் அதற்குத் தெரிந்துவிடும். புறாவை விரட்டலாம் என்று பார்டர் கோலி வாங்க நினைப்பவருக்குச் சொல்ல வேண்டியது: பால்கனிக்கு வலை அடியுங்கள், செலவும் குறைவு, வலைக்குத் தினமும் இரண்டு மணி நேர ஓட்டம் தேவையில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் 'டவுன்' பாடத்தை இன்றே தொடங்கலாம். தரை சுடுவதற்கு முன், விடியலில். இந்த நகரத்தில் துரத்தக் கூடாதவை அதிகம். ஐ.ஐ.டி. வளாகத்தில் தெருநாய்கள் மான்களைக் கடித்த விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று. அடையாறு முகத்துவாரத்தில், உடைந்த பாலத்துப் பக்கம், வலசை வந்த உள்ளான்கள் சேற்றில் இரை தேடும். ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அவை சேர்த்த கொழுப்பு வீணாகிறது. ஜனவரி முதல் பெசன்ட் நகர், நீலாங்கரைக் கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் 1988 முதல் இரவில் நடந்து அந்த முட்டைகளை நாய்களுக்கு முன்னால் தேடி எடுக்கிறார்கள். அந்த மாதங்களில் எலியட்ஸ் கடற்கரைக்கு நாயோடு போகிறவர்கள் கயிற்றை அவிழ்க்க வேண்டாம்.