பழுதும் பொறுமையும்

ஆனித் திங்கள் பிறந்ததும் தென்காசியில் காற்றே மாறிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து, ஊரெங்கும் சாரலைத் தூவும்; குற்றாலத்து அருவிகளும் பெருகும். அச்சாரல் மாந்தர்க்கு இன்பம்; மின்கருவிகளுக்கோ துன்பம். ஈரக்காற்றால் உலோகத்தின்மேல் மெல்லிய களிம்பு படியும். தூசியும் ஈரத்தோடு கலந்து ஒட்டிக்கொள்ளும்.

அத்தகையதொரு சாரற் காலத்தில், பெரிய கோயிலுக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டில் கணினி பழுதுற்றது. இயக்கிய கால் மணி நேரத்தில் அது தானே நின்றுவிடும். சற்று ஆறவிட்டால் மீண்டும் இயங்கும். அவ்வீட்டு முதியவருக்கு அது வெறும் பொறி அன்று. மறைந்த தம் மனைவியார் பாடிய தாலாட்டுகளையும் நடவுப் பாடல்களையும் நினைவுகூர்ந்து, எட்டாண்டுகளாக அதில் தட்டெழுதி வைத்திருந்தார். அவற்றிற்கு வேறு படி இல்லை.

பதினொன்றாம் வகுப்பில் பயிலும் பேரன், "கடைக்கு எதற்குத் தாத்தா? நானே சரிசெய்து தருகிறேன்" என்று முன்வந்தான். பெட்டியைத் திறந்தான், தூசியைத் துடைத்தான், நினைவகத் தகடுகள் இரண்டையும் கழற்றித் திரும்பச் செருகினான். இயக்கியபோது திரை இருண்டே கிடந்தது. உள்ளிருந்து 'பீப், பீப்' என்னும் ஒலி மட்டும் விட்டுவிட்டு எழுந்தது.

சிறுவன் அஞ்சினான், அச்சம் அவசரத்தைப் பெற்றது. ஒரு வடத்தைப் பிடுங்கி வேறிடத்தில் மாட்டினான். பழைய கணினியொன்றின் மின்வழங்கியை எடுத்துப் பொருத்தினான். தகட்டை வலிந்து அழுத்தியதில் பற்றுக்கொக்கி ஒன்று முறிந்தது. மாலைக்குள் எது பழைய பழுது, எது தான் விளைத்த பழுது என்பதே அவனுக்குத் தெரியாமற் போயிற்று. தாத்தா ஒன்றும் கடிந்துரைக்கவில்லை. "பாட்டியின் பாட்டெல்லாம் உள்ளேதான் இருக்கின்றனவா, அப்பா?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்வி அவன் நெஞ்சைச் சுட்டது.

மறுநாள், வானொலிகளும் தொலைக்காட்சிகளும் பழுதுபார்த்து முதிர்ந்த ஒருவர் குற்றாலத்திலிருந்து வந்தார். தாத்தா, "வாருங்கள், அண்ணாச்சி" என்று வரவேற்றார். வந்தவர் கருவியைத் தொடவில்லை. சிறுவனை அருகே அமர்த்திக்கொண்டார்.

"தம்பி, என்ன நோய்?"

"திரையில் படம் வரவில்லை, ஐயா."

"அது நீ கொடுத்த நோய். அதற்கு முன்பிருந்த நோய் எது?"

சிறுவன் தலைகுனிந்து நடந்தவற்றை வரிசையாகச் சொன்னான். அவர் அவற்றைத் தாளில் எழுதச் செய்தார். பின்பு கூறினார்: "ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்று, மாற்றியதும் இயக்கிப் பார், பயனில்லையேல் முன்போல் வைத்துவிட்டு அடுத்ததற்குச் செல். ஐந்தை ஒருசேர மாற்றினால், குணப்படுத்தியது எது, கெடுத்தது எது என்று எவ்வாறு அறிவாய்?"

இவ்வாறு எழுதிவைக்கும் பழக்கம் கணினித் துறையில் தொன்றுதொட்டே உண்டு. 1947 செப்டம்பர் 9 அன்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் அமைத்த 'மார்க் 2' கணிப்பொறியின் மின்விசையிணைப்பு ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியிருக்கக் கண்டனர். அதனை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, நேரத்தையும் எழுதிவைத்தனர்.

பெரியவர் மின்னிணைப்பைத் துண்டித்தார். பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டுக் கையில் தேங்கிய மின்னூட்டத்தை இறக்கினார். பழைய மின்வழங்கியையே மீண்டும் பொருத்தினார். இன்றியமையாத உறுப்புகளை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழற்றினார். நினைவகத் தகடொன்றின் பொன்னிற விளிம்பை எழுத்தழிக்கும் இரப்பரால் மெல்லத் தேய்த்தார். முறியாத கொக்கிகள் இரண்டும் 'டக்' என்று பற்றும்வரை செருகினார். திரை ஒளிர்ந்தது. அடுத்து, வன்தட்டின் வடத்தை உரிய இடத்தில் மாட்டினார். பாடல்கள் அனைத்தும் பழுதின்றி இருந்தன. முதியவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

பின்னரே அவர் முதற்பழுதை நாடினார். கணிப்புச் சில்லைக் குளிர்விக்கும் விசிறியின் கீழ்த் தூசி கம்பளிபோல் அடைத்திருந்தது. வெப்பம் மிகுந்தபோது கணினி தன்னைக் காத்துக்கொள்ளவே நின்றிருக்கிறது! சிறுவன் மேலே துடைத்தானேயன்றி, அதன் அடியை நோக்கவில்லை. தூசியை நீக்கிப் புதிய வெப்பப் பசை இட்டபின் கணினி இடையறாது இயங்கியது. கொக்கி முறிந்த இடம் மட்டும் வெறுமையாகவே நின்றது.

புறப்படுமுன் பெரியவர் சன்னல் வழியே கோபுரத்தைச் சுட்டினார். 15-ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதற்குக் குறை ஏதேனும் நேர்ந்தால் அதனை நீக்கிக் காப்பவரை அடிபணிவதாகக் கல்லில் பொறித்துச் சென்றான். நெடுங்காலம் சிதைந்து கிடந்த கோபுரமும் மீண்டும் எழுந்து, 1990-இல் குடமுழுக்குக் கண்டது. "கல்லுக்கே குறை வரும் என்று மன்னன் எண்ணினான். நாம் கணினியை நம்பி ஒரே படியோடு இருக்கலாமா?" என்றார் அவர்.

அன்று மாலையே சிறுவன் பாடல்களுக்கு இரு படிகள் எடுத்தான். ஒன்று வீட்டுப் பேழையில் வைக்கப்பெற்றது. மற்றொன்று அண்ணாச்சியுடன் குற்றாலம் சென்றது.