சட்டைப்பையில் இருந்த கடிதம்

தமிழ்த்துறையின் மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று துறைத்தலைவர் பணித்தபோது, சீறாப்புராணத்தின் நாட்டு வளம் பற்றி எழுதுவதாகவே முதலில் ஒப்புக்கொண்டேன். எழுத அமர்ந்தபோது மனம் அங்கே செல்லவில்லை. சங்ககிரிப் பக்கத்து ஆலை ஒன்றில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர், இரு சிறுநீரகங்களும் பழுதுற்ற நிலையில், "ஐயா, வேலையை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்" எனத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். அந்தச் சொல் என்னை 2016ஆம் ஆண்டுக்கு இழுத்துச் சென்றுவிட்டது. உமறுப்புலவர் பொறுத்தருள்க, இம்முறை வருங்கால வைப்புநிதியைப் பற்றி எழுதுகிறேன்.

என் தமக்கையின் கணவரை நான் மச்சான் என்றே அழைப்பேன். சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடைப்பட்ட நூற்பாலை ஒன்றில் 1990 முதல் பிட்டராக இருந்தவர். கால் நூற்றாண்டு இயந்திர ஓசைக்கு நடுவே பேசிப் பழகியதால் வீட்டிலும் உரத்த குரலிலேயே பேசுவார். அந்த ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த சில வாரங்களில் அவர் குரல் தணிந்தது. நாவின் ஓரத்தில் ஆறாத புண். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்றனர். அப்போது அவருக்கு வயது 52.

ஆலை மேலாளர் வீட்டுக்கே வந்து விசாரித்தார். பரிவோடுதான் பேசினார். "விலகல் கடிதம் கொடுத்துவிடுங்கள். ஐம்பது வயது தாண்டிவிட்டதால் இப்போதே பென்ஷன் கிடைக்கும். பி.எஃப். பணமும் கையில் வரும். வைத்தியத்துக்கு ஆகுமே" என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. பட்டங்கள் பெற்ற மைத்துனன் என்று என்னிடம் யோசனை கேட்டார்கள். கடிதத்தை நானே எழுதினேன். ஒற்றுப்பிழை ஒன்றும் நேராதபடி இருமுறை படித்தும் பார்த்தேன். மச்சான் கையொப்பமிட்டார். மறுநாள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆலைக்குப் புறப்பட்டவன், வழியில் லுஹர் தொழுகைக்காகப் பள்ளிவாசலில் இறங்கினேன்.

வைப்புநிதி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை அங்கே இறைவன் எனக்காக உட்கார்த்தி வைத்திருந்தான் என்றே இன்றும் எண்ணுகிறேன். கடிதத்தை வாங்கிப் படித்தார், மடித்தார், என்னிடம் திருப்பித் தரவில்லை. "தம்பி, ஆலைக்காரர் ஏன் இவரை நீக்கவில்லை? ஏன் விலகச் சொல்கிறார்?" என்று மட்டும் கேட்டார். நான் விழித்தேன்.

அவர் விளக்கினார். அன்று நடைமுறையிலிருந்த 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம், நோய்க்கால உதவித்தொகை பெறும் தொழிலாளியை அக்காலத்தில் வேலைநீக்கம் செய்யலாகாது என்று தன் 73ஆம் பிரிவில் தடுத்தது. நீக்க முடியாதவரைத் தாமே விலகச் செய்தால் ஆலைக்குத் தொல்லை தீர்ந்தது. விலகாமல் இருந்தாலோ, முதல் 91 நாட்களுக்குச் சராசரி ஊதியத்தில் 70 விழுக்காடு. புற்றுநோய் உள்ளிட்ட 34 நெடுநோய்களுக்கு, இரண்டாண்டுப் பணி முதலிய தகுதிகள் இருப்பின், அதன் பின்னரும் 80 விழுக்காடு. வைத்தியச் செலவுக்கென வைப்புநிதியிலிருந்து ஆறு மாத ஊதியம் அல்லது தொழிலாளி தாம் செலுத்திய பங்கு, இவற்றுள் எது குறைவோ அதைத் திருப்பிச் செலுத்த வேண்டாத முன்பணமாகப் பெறலாம். இதற்கும் வேலையை விட வேண்டியதில்லை.

அதன் பிறகு அவர் போட்டுக் காட்டிய ஓய்வூதியக் கணக்குத்தான் என்னைக் கலக்கியது. 1995 நவம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் 58 வயதே முழு ஓய்வூதிய வயது. ஐம்பதுக்குப் பின் முன்கூட்டியே பெறலாம். ஆனால் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு வெட்டு. முழு ஓய்வூதியம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 52 வயதில் அது ஏறத்தாழ 1,550 ஆகிவிடும். அதைப் பெறத் தொடங்கியபின் அவர் மறைந்தால் மனைவிக்குக் கிட்டுவது அதில் பாதியே. 2014இல் வகுத்த குறைந்தபட்ச வரம்பு தாங்கிப் பிடிப்பதால் 1,000 ரூபாய். பணியில் இருக்கும்போதே மறைந்தாலோ, அன்று ஓய்வு பெற்றிருந்தால் அவருக்கு உரியதாகியிருக்கும் தொகை குறைவின்றி மனைவிக்கு வரும். 25 வயது வரை பிள்ளைகள் இருவருக்கு அதில் கால்வாசி தனித்தனியே உண்டு. 1976ஆம் ஆண்டின் வைப்புநிதி சார்ந்த காப்புறுதியும், பணியில் இருக்கையில் இறந்தவரின் குடும்பத்துக்கென ஏற்பட்டதே.

ஆயிரம் ரூபாய் வேறுபாடு பெரிதா என்று பேராசிரியர்கள் கேட்கலாம். தார் சுற்றிப் பிழைக்கும் வீட்டில் அது அரிசிக் கணக்கு. என் தமக்கையின் அரிசியை இலக்கணப் பிழையின்றி எழுதிக் கொடுக்கப் புறப்பட்டிருந்தேன் நான்.

நிற்க. பெரியவர் அடுத்துக் கேட்டது நாமினி யார் என்று. ஆலைப் பதிவேட்டைப் பார்த்தால், திருமணத்துக்கு முன் 1990இல் மச்சான் தம் தம்பியின் பெயரைக் கொடுத்திருந்தார். அதன் பின் அந்தத் தாளை யாரும் தொடவில்லை. குடும்பம் ஏற்பட்டதும் அத்தகைய நியமனம் தானே செல்லாததாகிவிடும், புதிதாக எழுத வேண்டும் என்பது விதி. போதாக்குறைக்கு, அவர் பெயரில் வரும் 'முகமது' பதிவேட்டில் ஒரு விதமாகவும் ஆதார் அட்டையில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. நம் சமுதாயத்தில் இந்த ஒரு பெயருக்கு எத்தனை எழுத்துக்கூட்டல்! அவற்றால் அலைந்தவர்களின் கதையே தனி மலராகும். மச்சான் எழுந்து நடமாடும் நிலையில் இருந்ததால் அவர் கையொப்பத்தோடு இரண்டையும் சரிசெய்ய ஏழு வாரங்களில் முடிந்தது.

மனைவியை நாமினி ஆக்கியதும் உறவில் முணுமுணுப்பு எழுந்தது. எல்லாம் அவளுக்கே போய்விட்டால் மார்க்கம் வகுத்த பங்கு என்னாவது? ஹஜ்ரத் அவர்களிடம் போனோம். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைக்கும் அமானிதக்காரர். வைப்புநிதி அவர் உழைத்துச் சேர்த்த பொருளாகையால் கடன்கள் தீர்ந்தபின் பங்கு முறைப்படியே பிரியும், பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று என்றார். திருமணத்துக்கு முன் தாயை நாமினியாகக் குறித்திருந்த வங்கி ஊழியர் ஒருவரின் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதையொத்ததே. குடும்ப ஓய்வூதியம் வேறு வகை. ரயில்வே ஊழியர் ஒருவர் தம் சகோதரருக்கு உயில் எழுதி வைத்த வழக்கில், அது இறந்தவரின் சொத்தன்று, உயிலால் கைமாறாது என்று அதே நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. இதைச் சொன்னதும் முணுமுணுப்பு அடங்கியது. அல்ஹம்து லில்லாஹ், மனக்கசப்பும் அடங்கியது.

எஞ்சியது வங்கிக் கணக்கு. அக்காவுக்கு அதுவரை கணக்கே இல்லை. கதிர்வீச்சுச் சிகிச்சையின் இடைவெளி ஒன்றில் மச்சானே அவரை அழைத்துச் சென்றார். கட்டுப் போட்ட வாயால் பேச முடியாமல், படிவத்தில் கையொப்பமிட வேண்டிய இடங்களை விரலால் ஒவ்வொன்றாகக் காட்டினார். அக்கா அழுதுகொண்டே எழுதினார். அந்த அழுகை என் செவிக்குப் பிடிக்கவில்லை; இதெல்லாம் இப்போது வேண்டுமா என்று தோன்றியது. மச்சான் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

2017 மே மாதம் அவர் வஃபாத்தானார். பெயர் ஆலைப் பட்டியலில் இருந்தது. அக்கா நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தார். அந்நாட்களில் எந்த அலுவலகத்தின் படியிலும் அவர் ஏற வேண்டியிருக்கவில்லை; கணக்கும் பெயரும் தாள்களும் முன்பே ஒழுங்காக இருந்தமையால் வீட்டில் வாங்கிய கையொப்பங்களோடு நானே சேலத்துக்குச் சென்று வந்தேன்.

மாணவரிடம் கடிதம் எதையும் கொடுக்காதீர்கள், பழைய தாள்களோடு ஞாயிறன்று வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டதால் நான் மேலே குறித்த பிரிவுகளை அப்படியே நம்பாமல் அலுவலகத்தில் கேட்டறிந்துதான் அவருக்குச் சொல்ல வேண்டும். பள்ளிவாசல் பெரியவர் இன்று இல்லை.

ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்று தர வேண்டும். சென்ற முறை அக்காவோடு நானும் போயிருந்தேன். தார் சுற்றித் தேய்ந்த விரலின் ரேகையை இயந்திரம் மும்முறை ஏற்கவில்லை. வெள்ளைத் துப்பட்டியில் விரலைத் துடைத்து நான்காம் முறை வைத்தார், ஏற்றுக்கொண்டது. "உயிரோடுதான் இருக்கிறேனாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.